காட்டுவழி நடப்போர் கவனத்திற்கு

பொழுது புலருமுன் எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கின் ஒளியில் நிரைக்குச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு, மரங்களினூடே நடக்கும் முறையை எடுத்துக் கூற முற்படுவது மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பது போலாகும் என்று சிலர் எண்ணக்கூடும். அது முற்றிலும் தவறான எண்ணமும் அன்று. இருளில் அடி பார்த்து வைக்கவும், சருகின் அடியில் பாம்பு இருக்குமோ என்று ஐயுறவும், அட்டைக் கடியைப் பெரிதுபடுத்தாதிருக்கவும் நம் பாட்டாளி மக்கள் பட்டணத்தாரைக் காட்டிலும் நன்கு அறிவர். ஆயினும் பால்மரக் காடு வேறு, பெருங்காடு வேறு. தோட்டத்தில் மரங்களை நட்டவர் மனிதர். வரிசை போட்டவரும் மனிதர். அங்கே நமது பேச்சொலி கேட்டு எவ்வுயிரும் பட்டினி கிடப்பதில்லை. பெருங்காட்டிலோ நமது ஒரு கூச்சலால், ஒரு பிஸ்கட்டுத் துண்டால், ஒரு கைவிளக்கின் ஒளியால் ஓர் உயிர் பெரும் இழப்புக்கு ஆளாகலாம். அது எவ்வாறு நேர்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளி விடுமுறைக் காலங்களில் தோட்டத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடிப் பேருந்து அமர்த்திக்கொண்டு சுற்றுலா செல்வது வழக்கமாகிவிட்டது. கடற்கரைக்கும் கோயில்களுக்கும் சென்றுவந்தவர்கள் இப்போது காடுகளையும் நாடுகின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. நாட்டின் காடுகள் நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியவை. அவற்றினூடே செல்லும் நடைபாதைகளும் பொதுப் பாதைகளே. எடுத்துக்காட்டாக நாம் இங்கே தாமான் நெகாராவைக் கொள்வோம். நாம் பலமுறை சென்று வந்த இடம் என்பதோடு, நாம் தவறு செய்து கற்றுக்கொண்ட இடமும் அதுவே.

பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் இத்தேசியப் பூங்காவின் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தஹான் இதனுள்ளேயே உள்ளது. 1925ஆம் ஆண்டில் அம்மலையைச் சூழ்ந்த காடு முதன்முதலாக விலங்குக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. பின்னர் 1938, 1939ஆம் ஆண்டுகளில் மூன்று மாநில ஆட்சியாளர்களும் தனித்தனியே சட்டம் இயற்றித் தத்தம் நிலத்தை ஒதுக்கித் தந்தனர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் அப்போது வழங்கிய பூங்கா, நாடு விடுதலை பெற்றபின் தாமான் நெகாரா ஆயிற்று. இதற்காக இடைவிடாது வாதாடியவர் தியோடோர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயர். அவர் யானையையும் காட்டெருதையும் வேட்டையாடிப் புகழ் பெற்றவர். வேட்டையைப் பற்றி நூலும் எழுதியவர். துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு அவ்விலங்குகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அரசாங்கத்திடம் மன்றாடியவரும் அவரே. மனிதர் மாறக்கூடியவர் என்பதற்கு வேறு சான்று தேடிப் போகவேண்டியதில்லை.

பூங்காவின் தலைமையகம் கோல தஹானில் உள்ளது. ஜெரண்டுட் வழியாகச் சாலையில் சென்று, தெம்பெலிங் ஆற்றைப் படகில் கடந்தால் மறுகரையில் காடு தொடங்குகிறது. அங்கிருந்து பல நடைபாதைகள் பிரிந்து செல்கின்றன.

பாதையில் நடப்பவர் நாம் மட்டும் அல்லர்

காட்டுப் பாதையை மனிதன் தனக்காக வெட்டிக்கொண்டான் என்று எண்ணிவிடலாகாது. அக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் பாத்தேக் மக்கள் நடந்து தேய்ந்த தடங்கள் அங்கு உள்ளன. யானைகள் நடந்து அகலமாக்கிய தடங்களும் உள்ளன. முள்ளையும் கொடியையும் தள்ளிக்கொண்டு செல்வதைவிடத் திறந்த பாதையில் செல்வது விலங்குக்கும் எளிதன்றோ? ஆகையால் பகலில் நாம் நடக்கும் பாதையிலேயே இரவில் அவை நடக்கின்றன. விடியற்காலையில் முதல் ஆளாகச் செல்பவர் ஈரமண்ணில் குளம்புச் சுவடுகளைக் காணலாம். முன்காலில் நான்கு விரலும் பின்காலில் மூன்று விரலும் பதிந்திருப்பின், அது தாப்பிர் சென்ற தடமாகும்.

இதனால் நாம் கொள்ளவேண்டிய முதல் முறை, பாதையை விட்டு விலகாதிருத்தல். பாதையில் வரும் மனிதனை விலங்கு ஓரளவு எதிர்பார்க்கிறது. அவன் வரும் நேரத்தையும் வழியையும் அறிந்து ஒதுங்கிக்கொள்கிறது. புதருக்குள் புகுந்து வருபவன் எங்கிருந்து வருவான் என்பது அதற்குத் தெரியாது. அப்போது அது குட்டியை விட்டு ஓடலாம். அல்லது நம்மீதே பாயலாம்.

சேறு கண்ட இடத்தில் ஓரமாகச் சுற்றிச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. காலணி அழுக்காகிவிடும் என்பதே காரணம். பத்துப் பேர் சுற்றிச் சென்றால் பாதை பத்தடி அகலமாகிவிடும். அங்கிருந்த நாற்றுகள் மிதிபடும். வேர்கள் வெளியே தெரியும். அடுத்த மழையில் மண் கரைந்து ஆற்றுக்குப் போகும். பட்டையில் ஒரு மயிரிழை ஆழமாக உளி பட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சுமுடிச்சாகப் புடைத்து, மறுமுறை வெட்டுவதற்கு எவ்வளவு தொல்லை தருகிறது என்பதைத் தொழிலாளர்கள் அறிவர். ஆண்டுக்கணக்கில் ஆறாத அந்தக் காயத்தைப் போன்றதே மிதிபட்ட காட்டுமண்ணும். சேற்றின் நடுவே நடந்து செல்வதே நலம். காலணியைக் கழுவிக்கொள்ள ஆறு இருக்கிறது.

ஒருவர் பின் ஒருவராகச் செல்லவேண்டும். நாயைக் கூட்டிச் செல்லுதல் அறவே கூடாது. தோட்டத்து நாய் எவ்வளவு சாதுவாயினும், காட்டு மணம் மூக்கில் பட்டதும் வேட்டை நாயாகிவிடும்.

ஓசையின் விலை

பேருந்தில் பாட்டும் கைதட்டலுமாக வந்தவர்கள் அதே உற்சாகத்தோடு காட்டுக்குள் நுழைவதைப் பார்த்திருக்கிறோம். இளைஞர் சிலர் கையடக்க ஒலிபெருக்கியையும் உடன் கொண்டுவருகின்றனர். "யானை புலி வராமல் இருக்கத்தான்" என்று அவர்கள் விளக்கம் கூறுவதும் உண்டு. யானை வாராதிருப்பது உண்மையே. ஆனால் வேறு எதுவும் வாராது. பூங்காவுக்குச் சென்று "ஒன்றையும் காணவில்லை, வெறும் மரந்தான்" என்று ஏமாற்றத்துடன் திரும்புவோரில் பெரும்பாலோர், பார்க்க வந்தவற்றைத் தாமே விரட்டியவர்கள்.

பார்வையாளருக்கு ஏமாற்றம், விலங்குக்கோ இழப்பு. இரண்டு பறவைகளை எடுத்துக்காட்டாகக் கூறுவோம்.

குவாங் ராயா என்று மலாய் மொழியில் அழைக்கப்படும் பெருங்கோழியினப் பறவை ஒன்று உண்டு. அதன் ஆண் பறவை, மேட்டுநிலத்தில் ஓர் இடத்தைத் தெரிந்துகொண்டு, லயத்து வீட்டின் வாசல் அளவுக்கு அதைச் சுத்தம் செய்கிறது. சருகு, குச்சி, புல் ஒன்றும் அங்கே கிடக்கக்கூடாது. விழுந்ததை அலகால் எடுத்து வெளியே எறிந்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் காலையில் வாசல் கூட்டுவதில் காட்டும் கண்டிப்பு அதனிடம் உண்டு. பிறகு அங்கே நின்று, காடு முழுதும் கேட்கும்படி "கு-வாவ், கு-வாவ்" என்று பெட்டையை அழைக்கிறது. பெட்டை வந்ததும், கண் கண்ணாகப் புள்ளியிட்ட சிறகுகளை விரித்து ஆடுகிறது. முன்னாளில் இப்பறவையைப் பிடிப்போர், அதன் துப்புரவுக் குணத்தையே அதற்கு எமனாக்கினர். கூர்மையாகச் சீவிய மூங்கில் சிம்பை அந்தக் களத்தின் நடுவே நட்டுவைப்பர். பறவை அதைக் கழுத்தால் சுற்றிப் பிடுங்க முயன்று தன்னைத் தானே அறுத்துக்கொள்ளும்.

இன்று நாம் மூங்கில் நடுவதில்லை. ஆனால் நடைபாதைகள் பெரும்பாலும் மேட்டின் முதுகிலேயே செல்கின்றன. குவாங் ராயா விரும்புவதும் அவ்விடத்தையே. காட்டின் நடுவே கூட்டிப் பெருக்கியதுபோல் ஓரிடம் தென்பட்டதும், "சாப்பிட நல்ல இடம்" என்று நாம் பாயை விரித்துவிடுகிறோம். நெகிழித்தாளும் எலும்பும் ஆரஞ்சுத் தோலும் எஞ்சுகின்றன. பெட்டையை அழைக்கவேண்டிய காலை நேரத்தை ஆண் பறவை குப்பை அள்ளுவதில் கழிக்கிறது. அல்லது நமது பேச்சொலி அடங்கும்வரை புதரில் ஒளிந்திருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தைக் கண்டால் நில்லாது கடந்து செல்க.

மற்றொன்று இருவாட்சி. மலாய்க்காரர் இதனை எங்காங் என்பர். இதன் பெண் பறவை, பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாயிலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நீட்டுமளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு வளரும்வரை அது வெளியே வாராது. கொம்பு இருவாட்சிக்கு இது ஏறத்தாழ மூன்று மாத காலம். அந்நாள் முழுதும் உள்ளேயிருப்பவற்றுக்கு உணவு கொடுப்பது ஆண் பறவை ஒன்றே. அத்திப்பழங்களை விழுங்கிவந்து, பொந்தின் வாயிலில் ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டுகிறது. மரத்தடியில் மனிதர் கூட்டம் நின்று கைகாட்டிக் கூச்சலிட்டால் ஆண் பறவை அருகே வாராது. தொலைவில் ஒரு கிளையில் பழத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். நாம் ஒரு மணி நேரம் நின்றால், உள்ளே ஒரு வேளை உணவு போயிற்று. இருவாட்சியின் சிறகோசை நீராவி வண்டியின் மூச்சுப் போல் தொலைவிலேயே கேட்கும். கேட்டால் நின்று பாருங்கள். பொந்து தெரிந்தால் சற்று நேரத்தில் நகர்ந்துவிடுங்கள்.

பேசவே கூடாது என்று நாம் கூறவில்லை. பிள்ளைகளை வாய் பொத்தி அழைத்துச் செல்வது இயலாத காரியம். பக்கத்தில் நடப்பவருக்குக் கேட்குமளவில் பேசினால் போதும். பாத்தேக் மக்கள் காட்டில் சிரித்துப் பேசியே நடக்கிறார்கள். ஆனால் விலங்கைப் பார்த்து ஏளனமாகச் சிரிப்பதை மட்டும் அவர்கள் பெருங்குற்றமாகக் கருதுகின்றனர். அதனால் இடியும் புயலும் வரும் என்பது அவர்களது நம்பிக்கை. அவர்களது குடியிருப்பு வழியில் வந்தால் அனுமதியின்றி நுழைவதும் படம் எடுப்பதும் முறையாகா.

புண்ணியம் என்று எண்ணிச் செய்யும் தீமை

இனி, நம்மவர் மனம் வருந்தக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது. வாயில்லாச் சீவனுக்கு உணவளித்தல் அறம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பத்துமலைப் படிகளில் குரங்குக்குத் தேங்காயும் பழமும் கொடுக்காத குடும்பம் அரிது. ஆஞ்சநேயருக்கு அளித்ததாகவே பலர் எண்ணுகின்றனர். காட்டுப் பாதையிலும் அதையே செய்கிறோம்.

நாமும் செய்தோம். ஆசிரியராய்ப் பணி தொடங்கிய புதிதில், மாணவர்களை ஒரு காட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, வேர்க்கடலைப் பொட்டலத்தை நாமே பிரித்து, "ஆளுக்கு ஒரு பிடி போடுங்கள்" என்று கொடுத்தோம். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கையில் கடலை தீர்ந்துபோயிற்று. பெரிய ஆண்குரங்கு ஒன்று அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்தது. ஒன்றும் இல்லாமையால் மணிக்கட்டில் கடித்துவிட்டது. மருத்துவமனையில் தையல் போடும்போது அவள் நம்மைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. குரங்கின்மீது நமக்குச் சினம் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகே உண்மை விளங்கிற்று. மனிதன் கையில் உணவு இருக்கும் என்று அக்குரங்குக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், நமக்கு முன் வந்த நம் போன்றவர்கள்.

காட்டில் குரங்கு பழம் தின்று விதையைப் பல இடங்களில் பரப்புகிறது. பாதையோரம் அமர்ந்து பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் குரங்கு அவ்வேலையைச் செய்வதில்லை. அச்சம் நீங்கிய குரங்கு பையைப் பறிக்கும், கடிக்கும், வீடுகளுக்குள் புகும், மக்கள் முறையிடுவர், முடிவில் அது பிடிக்கப்பட்டோ சுடப்பட்டோ போகும். இந்நாட்டில் ஆண்டுதோறும் இவ்வாறு நீக்கப்படும் குரங்குகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றுக்கு நாம் இட்ட உணவு புண்ணியக் கணக்கில் சேருமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

மீந்த சோற்றையும் பழத்தோலையும் "மண்ணோடு மண்ணாகிவிடும்" என்று விட்டுவருவதும் உணவிடுதலே. கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை போதும்.

உவர்மண் பள்ளத்தில் ஓர் இரவு

தாமான் நெகாராவில் காணத்தக்கவற்றுள் நாம் முதன்மையாகக் கருதுவது, ஜெனுட் எனப்படும் உவர்மண் பள்ளங்களை. தழையும் இலையும் தின்று வாழும் விலங்குகளுக்கு அவ்வுணவில் உப்புச் சத்து போதுவதில்லை. ஆகவே உப்பும் பிற தாதுக்களும் ஊறும் சேற்றுப் பள்ளங்களைத் தேடி அவை இரவில் வெகுதொலைவிலிருந்து வருகின்றன. மண்ணை நக்குகின்றன, ஊற்று நீரைப் பருகுகின்றன. தாப்பிர், மிளா, கேளையாடு, காட்டெருது, யானை யாவும் வரும். நமக்கு மாதச் சாமான் வாங்கும் கடை போன்றது அது. பக்கத்தில் வேறு கடையும் கிடையாது.

இப்பள்ளங்களைப் பார்த்தவாறு, உயர்ந்த கால்களின்மீது மரக் குடில்கள் கட்டப்பட்டுள்ளன. பும்புன் என்பது இவற்றின் பெயர். முன்அனுமதி பெற்று அங்கே இரவு தங்கலாம். பலகைக் கட்டிலும் நீண்ட சன்னலும் உண்டு. வேறு வசதி ஒன்றும் எதிர்பார்க்கலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், பகாங் மாநிலத் தோட்டம் ஒன்றின் குடும்பங்களோடு நாம் அங்கே சென்றோம். முதல் இரவு பன்னிரண்டு பேர் குடிலில் இருந்தோம். இரவு பத்து மணிவரை கட்டுச்சோறு, கருவாட்டு மணம், பேய்க்கதை. வந்தவை எலிகள் மட்டுமே. அவை எஞ்சிய சோற்றை உண்டு மகிழ்ந்தன.

மறுநாள் இரவு நான்கு பேரே சென்றோம். அவர்களுள் ஒருவர், முப்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்வு பெற்ற அம்மையார். ஒரு வார்த்தை பேசாது, சன்னலோரம் முக்காடிட்டு அமர்ந்தவர் அசையவே இல்லை. நாம் அவருக்கு அருகே பெரிய கைவிளக்குடன் அமர்ந்திருந்தோம். பேருந்தில் வரும்போது அமைதி காப்பது பற்றி அரைமணி நேரம் விரிவுரை ஆற்றியவர் நாமே என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

நள்ளிரவு கடந்தபின் அந்த அம்மையார் நம் முழங்கையைத் தொட்டார். பள்ளத்தின் ஓரத்தில் வெண்மையாக ஏதோ நின்றது. மங்கிய நிலவொளியில், முன்னும் பின்னும் கருமையும் இடையில் வெண்போர்வையுமாக ஒரு தாப்பிர் தெரிந்தது. அதன் பின்னே, வெள்ளரிக்காய் போல் கோடும் புள்ளியுமாக ஒரு சிறு குட்டி. தாய் தலையை உயர்த்தி, நீண்ட மூக்கை இங்குமங்கும் திருப்பி மோப்பம் பிடித்தது. தாப்பிருக்குக் கண்பார்வை குறைவு. செவியும் மூக்குமே அதன் காவல். ஐயம் தெளிந்து, அது சேற்றில் காலை வைத்தது.

அப்போது நாம் விளக்கை ஏற்றினோம். குட்டியைத் தெளிவாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசையே காரணம். வெளிச்சம் நேராகத் தாயின் கண்ணில் விழுந்தது. அது ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு சேறு தெறிக்க இடப்புறம் பாய்ந்தது. குட்டி வலப்புறம் ஓடிற்று. நாம் விளக்கை அணைத்தோம். இருளில் சீழ்க்கை அடிப்பதுபோல் மெல்லிய ஒலி ஒன்று கேட்டது; சற்றுப் பொறுத்து மறுபக்கத்திலிருந்து இன்னொன்று. தாப்பிர்கள் அவ்வாறே ஒன்றையொன்று அழைக்கும். விடியும்வரை விட்டுவிட்டு அந்த ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் நெருங்கினவா, விலகினவா என்று நம்மால் கூற இயலவில்லை. பள்ளத்துக்கு எதுவும் மீண்டும் வரவில்லை.

காலையில் இறங்கி வரும்போது, "தவறு செய்துவிட்டோம் அக்கா" என்றோம். அவர் சற்று நேரம் பேசாது நடந்தார். "பால் ஓடிக்கிட்டு இருக்கிறப்ப மங்கைத் தட்டிவிட்ட மாதிரி ஆயிடுச்சுங்க வாத்தியாரே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

தாப்பிர் ஏறத்தாழ 13 மாதம் சூல் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. குட்டி பிழைத்ததா என்பது நமக்குத் தெரியாது. பிழைத்திருக்கும் என்றே நம்ப விரும்புகிறோம்.

எஞ்சியவை எத்தனை?

ஒரு குட்டிக்காக இத்தனை கவலையா என்று கேட்போர் இருக்கலாம். இதே உவர்மண் பள்ளங்களுக்கு ஒரு காலத்தில் சுமத்திராக் காண்டாமிருகமும் வந்தது. இப்போது தீபகற்பக் காடுகளில் அது இல்லை. சபாவில் பாதுகாப்பில் வைக்கப்பட்டிருந்த கடைசி ஆண் தாம் 2019ஆம் ஆண்டு மே மாதத்திலும், இமான் என்ற கடைசிப் பெண் அதே ஆண்டு நவம்பரிலும் இறந்தன. மலேசியாவில் அவ்வினம் அத்தோடு முடிந்தது. 2016 முதல் 2020 வரை நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் வாழும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று காட்டியது. ஒரு பெரிய தோட்டத்துப் பெரட்டில் நிற்கும் ஆட்களைவிடக் குறைவு.

இவற்றை அழித்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். காடு வெட்டப்பட்டதும், கண்ணி வைப்போரின் கம்பிச் சுருக்குகளுமே பெருங்காரணங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இக்குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கிறது. 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. எனினும் சிலவே எஞ்சியுள்ள இடத்தில் நமது சிறு பிழையும் பெரிதாகிவிடுகிறது. பாதையோரம் கம்பிக் கண்ணி ஏதும் கண்டால் அதைத் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, பூங்கா அலுவலகத்தில் தெரிவிக்கவேண்டும்.

புறப்படுமுன்

அலுவலகத்தில் நுழைவு அனுமதி பெறவும்; எந்தப் பாதைகளும் குடில்களும் திறந்துள்ளன என்பதையும் அங்கேயே விசாரித்து அறிந்துகொள்ளவும். நவம்பர் நடுப்பகுதி முதல் சனவரி வரை பருவமழையால் ஆறுகள் பெருகும். ஆண்டிறுதி விடுமுறையில் செல்ல எண்ணுவோர் இதனைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

வழியில் ஆவி பறக்கும் யானைச் சாணத்தைக் கண்டால் மேலே செல்லாது வந்த வழியே திரும்புக. விலங்கு எதிர்ப்பட்டால் அசையாது நின்று அதற்கு வழி விடுக. தாய்க்கும் குட்டிக்கும் இடையில் ஒருபோதும் நிற்கலாகாது. அட்டைக்கு நீண்ட காலுறையும், அதன்மேல் தடவிய சவர்க்காரமும் போதும். தோட்டத்தில் செய்வதுபோல் புகையிலை நீர் தெளித்துக்கொள்வோரும் உண்டு. ஆனால் குடிலில் தங்குவோர் அதையும், வாசனைத் தைலங்களையும் தவிர்ப்பது நலம்; தாப்பிரின் மூக்கு அவற்றை நமக்கு முன்பே கண்டுகொள்ளும். குடிலில் சமைத்தல் வேண்டா. மணம் குறைந்த ரொட்டியும் தண்ணீரும் போதும். எஞ்சியதை இறுக மூடி வைக்கவும்.

குடிலுக்கு விளக்கு வேண்டும். நாம் இப்போது கொண்டு செல்வது சிறிய விளக்கு. அதன் கண்ணாடியின்மீது சிவப்பு நெகிழித்தாளை இரண்டு மடிப்பாக வைத்து, ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்கிறோம். மங்கிய செவ்வொளி அவற்றை அவ்வளவாக மிரட்டுவதில்லை. விலங்கின்மேல் நேராக அடிக்காது, அதற்கு முன்னுள்ள தரையில் படும்படி ஒருமுறை காட்டிவிட்டு அணைத்துவிடவேண்டும். நிலவுள்ள நாளாயின் அதுவும் தேவைப்படாது.